எதிர்க்கடை ரிலே நைனா

வந்தவர்களை எல்லாம் மலையைச் சுற்ற வைக்கிற சக்தி திருவண்ணாமலையில் இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருவர் கோயிலுக்குள் இருக்கிறார். இன்னொருவர் வேங்கிக்கால் போகிற ரோட்டில், என் கடைக்கு நேர் எதிரே, தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். முன்னவராவது பிரியப்பட்டவர்களைத்தான் சுற்ற வைப்பார். பின்னவரிடம் வண்டிக்கு ஒரு ஃபாக் லைட் மாட்டப் போனாலே போதும், பதினாலு கிலோமீட்டரும் சுற்றியாக வேண்டும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததாகத் தெரியவில்லை. எதிரில் நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் "நைனா" என்பார். எந்த வண்டி வந்து நின்றாலும் "ரிலே" என்பார். ஊர் இரண்டையும் சேர்த்து அவரை ரிலே நைனா ஆக்கிவிட்டது.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அவர் மேல் பொறாமை. வாரப் பத்திரிகைக்கு இதை எழுதும்போது கொஞ்சம் கௌரவமாகச் சொல்லலாம்தான். ஆனால் பதினோரு வருடம் வயிறெரிந்ததை எந்தக் கௌரவமான வார்த்தையில் சொன்னாலும் அதே எரிச்சல்தான். இரண்டு பேருக்கும் ஒரே தொழில். கார், வேன், பைக் எதுவானாலும் கூடுதலாக விளக்கு, ஹாரன், ஃபேன், பாட்டுப்பெட்டி மாட்டித் தருவது. என் கடையில் கண்ணாடி ஷோகேஸ் உண்டு. உட்கார நாற்காலி, தண்ணீர் கேன், பெயர்ப்பலகையில் ஓடுகிற எழுத்து எல்லாம் உண்டு. அவரிடம் இருந்தது ஒரு ஸ்டூல், ஒரு பழைய பிஸ்கட் டின், கரண்ட் வருகிறதா என்று பார்க்க, கழுத்தில் மாலை மாதிரி தொங்குகிற ஒரு டெஸ்ட் லாம்ப். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பேனர். கூட்டம் மட்டும் அந்தப் பக்கம்.

ரிலே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நான் விளக்குவதைவிட அவர் விளக்கியதையே சொல்லிவிடுகிறேன். மங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் ஜீப்பை நிறுத்திவிட்டு, "லைட்டு மாட்றதுக்கு நடுவுல இந்தக் கறுப்பு டப்பா எதுக்குங்க?" என்று கேட்டார். தீப்பெட்டியில் பாதி இருக்கும் அந்த டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நைனா ஆரம்பித்தார்.

"நைனா, சுவிட்ச்சுன்றது கலெக்டர் மாதிரி. கையெழுத்து போட்டா அவரு வேலை முடிஞ்சிது. நெல்லு மூட்டய தூக்கி லாரில ஏத்துன்னு கலெக்டராண்ட சொல்லுவியா?"

"அதெப்படிங்க சொல்றது?"

"மூட்ட தூக்கறதுக்குன்னு தனியா ஆளு இருக்கான்ல? அவன்தான் ரிலே. பேட்டரிலருந்து கரண்ட்ட அவன் தூக்கினு போயி லைட்டுக்குக் குடுப்பான். சுவிட்ச்சு 'உம்'னு ஒரு வார்த்த சொன்னா போதும். நீ ரிலே இல்லாம மாட்னா, கலெக்டர் தலைல மூட்டய வெக்கிற. ரெண்டு நாளு தூக்குவாரு. மூணாவது நாளு அவரும் எரிஞ்சி, உன் வண்டியும் எரிஞ்சி பூடும்."

விவசாயிக்குப் புரிந்துவிட்டது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் புரிந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் அவர் கடையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் என் கடையிலிருந்தும். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை.

என் வேலை வேறு மாதிரி. பேட்டரியிலிருந்து ஒரு வயர், நடுவில் சுவிட்ச், அந்தப் பக்கம் லைட். எரிகிறதா? எரிகிறது. கிளம்புங்கள். இருபது நிமிடம். இதற்கு எங்கள் தொழிலில் டைரக்ட் என்று பெயர். நைனாவிடம் யாராவது "ரிலே எல்லாம் வேணாம், சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டால், கோபமே படமாட்டார். டெஸ்ட் லாம்பைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டிக் கையை நீட்டுவார்.

"அப்ப எதிர்க்கடைக்குப் போ நைனா. அவரு டைரக்டா குடுத்துருவாரு."

அதாவது, எனக்கு வந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவர் விரட்டிவிட்டவர்கள். அது போதாதென்று என் பெயரும் போய்விட்டது. டீக்கடைக்காரர் "டைரக்ட் சாருக்கு ஒரு ஸ்டிராங்" என்பார். என் மனைவியைக் காய்கறிக் கடையில் "டைரக்ட் சார் வூட்டம்மா" என்கிறார்கள்.

இப்போது அந்தக் கிரிவலச் சமாசாரத்துக்கு வருகிறேன். நைனா வயரிங் முடித்ததும் சாவியைக் கொடுக்கமாட்டார். புதிதாக மாட்டிய எல்லாவற்றையும் ஆன் பண்ணச் சொல்வார். விளக்கு, ஃபேன், பாட்டு, எல்லாம். அப்புறம் வண்டிக்காரரின் விரலைப் பிடித்துச் சுவிட்ச்சின் மேல் வைப்பார். "இதுமேல வெச்சினே மலய ஒரு சுத்து சுத்தினு வா நைனா. நடுவுல எதையும் ஆஃப் பண்ணாத" என்பார். பட்டப்பகலில் எல்லா விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கும் ஒரு விரலால் சுவிட்ச்சுமாக ஒருவர் அக்னி லிங்கத்தையும் எம லிங்கத்தையும் தாண்டிப் போனால், அது நைனாவின் வாடிக்கையாளர் என்று வழியில் இருக்கிற சாமியார்களுக்கெல்லாம் தெரியும். பௌர்ணமி அன்று அந்த ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். அதனால் பௌர்ணமிக்கு நைனா கடை லீவு.

சுற்றி வந்த வண்டி நின்றதும் நைனா எழுந்து போவார். உள்ளே தலையை விட்டு, கண்ணை மூடி, தன் கன்னத்தைச் சுவிட்ச்சின் மேல் வைப்பார். காய்ச்சல் குழந்தையைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். "ஜில்லுனு கீது" என்று சொல்லிவிட்டால் சாவி கைக்கு வரும். "லேசா சுடுது" என்றால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து. அதற்குக் கூலி வாங்கமாட்டார். மறுபடியும் ஒரு சுற்று சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒருமுறை ஓர் அதிகாரியின் ஜீப் வந்தது. அதிகாரியே உள்ளே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு மாட்டிக்கொண்டார் நைனா என்று நான் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு மீட்டிங் இருக்குய்யா. மலையெல்லாம் சுத்த நேரமில்லை" என்றார் அதிகாரி.

"மீட்டிங்கு உங்களுக்காகக் காத்துக்கினு இருக்கும் சார். வயரு எரிய ஆரம்பிச்சா காத்துக்கினு இருக்காது. விரல மட்டும் இங்க வெய்ங்க."

எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அதிகாரி இறங்கி ஒரு அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நைனாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், விரலைச் சுவிட்ச்சில் வைத்தார். ஜீப் கிளம்பிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு முழம் பூ. "ரெண்டு வருஷமா இந்த ஊர்ல வேலை பார்க்கிறேன். இன்னைக்குத்தான் கொடுத்துவெச்சிருக்கு" என்று நைனாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். இருபதே நிமிடத்தில் வேலை முடித்து அனுப்புகிறேனே, ஒரு மனிதன், ஒரே ஒரு மனிதன், என்னைக் கும்பிட்டிருக்கிறானா?

அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. கூட்டம் ரிலேவுக்கு வரவில்லை, கிரிவலத்துக்கு வருகிறது. அவர் மாட்டிய வண்டிக்கு மலையின் அருள் கிடைத்துவிடுகிறது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். ரிலே இல்லாமல் அதை நானும் கொடுக்கலாமே! மறுநாளே கடை வாசலில் பெரிதாக ஒரு பேனர் கட்டினேன்: "இங்கு வயரிங் செய்யும் வண்டிகளுக்குக் கிரிவலம் இலவசம்."

டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மலைய சுத்தறதுக்கு எப்ப சார் காசு வாங்கினாங்க?"

மதியத்துக்குள் பேனரை அவிழ்த்துவிட்டேன்.

இதற்கு நடுவில் என் வீட்டிலேயே ஒரு துரோகம் நடந்தது. மனைவியின் ஸ்கூட்டருக்கு நான்தான் பெரிய ஹாரன் மாட்டிக் கொடுத்திருந்தேன். டைரக்டாகத்தான். ஒரு நாள் காலை அவள் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் ஹாரன் அடித்தாள். ஹாரனுக்கு முன்னால் மெல்லிசாக ஒரு "டக்" கேட்டது. ரிலே வேலை செய்கிற சத்தம் அது. எதிர்க்கடையிலிருந்து பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு என் காதில் பதிந்த சத்தம்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "எப்பலருந்து இது?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "ஆடி மாசத்துலருந்து."

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லலயே?"

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான். பட்டன் சுட்டுதுங்க. நான் ரெண்டு தடவ சொன்னேன், நீங்க வெயில்னு சொல்லிட்டீங்க."

"மலையும் சுத்தினியா?"

"ரெண்டு சுத்து" என்றாள் தலையைக் குனிந்தபடி.

அன்று நான் எடுத்த சபதம் இதுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, அந்த ஆளை இந்த ரோடு முழுக்கப் பார்க்க ஜெயித்துவிட வேண்டும். எனக்குத் தொழில் செழிக்க வேண்டும் என்றுகூட ஆசை இல்லை. எல்லோரும் நின்று என் சுவிட்ச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்குச் சந்தர்ப்பமும் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வேன்காரர்கள் சங்கத் தலைவர் வந்தார். பெரிய மீசை, வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசுகிற குரல். சங்கத்தில் பன்னிரண்டு வேன்கள். எல்லாவற்றுக்கும் ஃபாக் லைட், டபுள் ஹாரன், சீட்டுக்கு மேலே ஃபேன். ரோட்டு நடுவில் நின்றுகொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஆளுக்கு ஒரு வண்டி பண்ணுங்க. ரெண்டும் மலைய சுத்தட்டும். எது நல்லா வருதோ, பாக்கி பத்து வண்டியும் அவங்களுக்கு. சரியா?"

"சரி நைனா" என்றார் எதிர்க்கடைக்காரர்.

"சரிங்க தலைவரே" என்றேன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவர் தன் வேனை இரண்டு நாள் குடைந்தார். பிஸ்கட் டின்னிலிருந்து ஒவ்வொரு ரிலேவாக எடுத்துக் காதருகே வைத்து, கரண்ட் கொடுத்து, "டக்" சத்தம் பிடிக்காததைத் திரும்ப டின்னில் போட்டார். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தார். நான் என் வேனை ஒரே காலையில் முடித்தேன். மிச்ச நேரத்தைப் பக்திக்கு ஒதுக்கினேன். ஆயுத பூஜைக்கு நாமெல்லாம் சுத்தியல், தராசு, தையல் மெஷின் எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைக்கிறோம் அல்லவா? அதே முறைதான். ஃபாக் லைட் சுவிட்ச்சுக்குச் சந்தனம், ஃபேன் சுவிட்ச்சுக்குச் சந்தனம். புதிதாக டேஷ்போர்டில் பதித்த ஹாரன் பட்டனுக்கு, அது முக்கியமான ஐட்டம் என்பதால், தண்ணீர் விட்டுக் குழைத்துக் கெட்டியாகவே அப்பினேன். அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

"பக்தின்னா இதுய்யா!" என்று தலைவர் உருகிவிட்டார். எதிர்க்கடை வேனைப் பார்த்தார். அதில் ஒரு பொட்டுக்கூட இல்லை. நான் பாதி ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். என் வேன் முன்னால். தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை ஃபாக் லைட் சுவிட்ச்சில் வைத்திருந்தார். நைனா தன் வேனில் பின்னால் வந்தார். ஊரைத் தாண்டிச் செங்கம் ரோட்டுக்குப் போகும்வரை ராஜபாட்டைதான். தலைவர் வளைவுக்கு ஒருதரம் ஹாரன் அடித்துப் பார்த்து, "இன்னா கம்பீரமா கீது!" என்று மீசையைத் தடவினார். நாலு கிலோமீட்டர் போனதும் விரலை எடுத்து ஊதிக்கொண்டார்.

"டைரக்ட், சுவிட்ச்சு கொஞ்சம் சுடுதே?"

"அக்னி ஸ்தலம் தலைவரே. இந்த ஊர்ல எதத் தொட்டாலும் கொஞ்சம் சுடத்தான் செய்யும்."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு விரலை மறுபடி வைத்தார்.

அடி அண்ணாமலையில் ஒரு பசு குறுக்கே நின்றது. தலைவர் ஹாரன் பட்டனை அழுத்தினார். ஹாரன் அடித்தது. பசு நகர்ந்தது. தலைவர் கையை எடுத்தார். ஹாரன் நிற்கவில்லை.

பட்டனைத் தட்டினேன், குத்தினேன், நகத்தால் நெம்பினேன். நிற்கவில்லை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். இன்ஜின் சத்தம் அடங்கியதில் ஹாரன் இன்னும் தெளிவாகக் கேட்டது. பேட்டரியிலிருந்து நேராக இழுத்த லைன், சாவிக்கெல்லாம் அது கட்டுப்படாது. அதை அப்படி இழுத்தவன் நானேதான். வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். மந்திரி வருகிறார் என்று ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பல வருடமாகக் கண் திறக்காதவர் என்று சொல்லப்பட்ட ஒரு சாமியார் மரத்தடியில் கண்ணைத் திறந்து என்னைத்தான் முதலில் பார்த்தார். அது நல்ல பார்வை இல்லை.

அதற்குள் டேஷ்போர்டிலிருந்து புகை வர ஆரம்பித்தது. பிளாஸ்டிக் தீய்கிற நாற்றமும் சந்தன வாசனையும் கலந்து வந்தது. பேட்டரியைக் கழற்றினால்தான் நிற்கும். அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். நான் கையோடு கொண்டுவந்திருந்தவை குங்குமச் சிமிழ், மிச்சக் கற்பூரம், உபரியாக இரண்டு எலுமிச்சம்பழம்.

தலைவர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "நிறுத்துய்யா! வண்டி எரியப்போவுது!"

நைனா தன் வேனிலிருந்து இறங்கி ஓடிவந்தார். பக்கத்துக் கதவைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இரண்டே திருகில் சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரியின் வயரைக் கழற்றி வெளியே இழுத்தார். சத்தம் நின்றது. அவ்வளவு பெரிய அமைதியை அந்த மலையே கேட்டிருக்காது. சாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

நைனா பட்டனைப் பிரித்து உள்ளே பார்த்தார். உருகின பிளாஸ்டிக்கும் காய்ந்த சந்தனமுமாக ஒரே கட்டி.

"இன்னா நைனா இது? உள்ள கேசரி கிண்டி வெச்சிக்கிற?"

"சந்தனம்" என்றேன்.

"அத நெத்தில வெய்யி. பட்டனுக்கு ரிலே வெய்யி. டபுள் ஹாரனு இழுக்கற கரண்டு மொத்தமும் இந்தப் பட்டாணி சைசு பட்டன் வழியா போனா, அது இன்னாதான் பண்ணும், பாவம்?" என்று பட்டனுக்காகப் பரிந்து பேசினார்.

தலைவர் நைனாவின் வேனில் ஏறி, ஒவ்வொரு சுவிட்ச்சாகத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் நைனா செய்வது போலவே மீசையோடு கன்னத்தை வைத்தார். இறங்கி வந்து, சுற்றி நின்ற ஊர் ஜனங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பத்து வண்டியும் உனக்குத்தான் நைனா" என்றார்.

நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோற்றதுகூடப் பரவாயில்லை. இனிமேல் வேங்கிக்காலில் எப்படிக் கடை திறப்பது? கன்னம் எல்லாம் சுட்டது.

"அஞ்சு எனக்குப் போதும்" என்றார் நைனா.

"ஏன்யா?"

"தீபத்துக்குள்ள பத்து முடியாது நைனா. என் கை லேட்டு. இவரு கை ஃபாஸ்டு. வயரு ஓட்றதுல இவரு மாதிரி சுத்தமா ஓட்ட இந்த ரோட்ல ஆளு கிடையாது, நான் தெனம் பாக்கறேனே. ஒரு மடிப்பு இருக்காது, ஒரு தொங்கல் இருக்காது. ரிலே மட்டும் கம்மி. அத நான் குடுக்கறேன். அஞ்சு வண்டி அவராண்ட விடுங்க."

ஒரு மனிதன் வேலையில் ஜெயிக்கலாம். குணத்திலும் சேர்த்து ஜெயித்தால் எதிர்க்கடைக்காரன் எங்கே போவான்? அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் இருந்த பொறாமை முன்பைவிட இரண்டு பங்காகிவிட்டது. கூடவே, பதினோரு வருடமாக அவர் என் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

திரும்பும்போது அவர் வேனில்தான் வந்தேன். குபேர லிங்கம் தாண்டியதும் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "எதுக்கு எல்லாரையும் மலைய சுத்த வெக்கிறீங்க? வேண்டுதலா?"

"வேண்டுதலா? அட போ நைனா." சிரித்துவிட்டார். "எல்லாத்தையும் ஆன் பண்ணி அர மணி நேரமாவது ஓட்னாதான் சூடு தெரியும். வேலூர் ரோட்ல அனுப்புனா நம்மாளு அப்டியே வூட்டுக்குப் பூடுவான், திரும்பி வரமாட்டான். இந்த ஒரு ரோடுதான் எங்க போனாலும் சுத்தி என் கடைக்கே கொண்டாந்து விட்ரும்."

அந்த அதிகாரியின் விபூதி நெற்றி என் கண் முன்னால் வந்தது. நான் பேனர் கட்டியதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஈசானிய லிங்கம்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

அந்த ஐந்து வேன்களை நான் முடிப்பதற்குள் பட்ட பாடு தனி. மணிக்கு ஒருதரம் ரோட்டைத் தாண்டி வருவார். சொல்லாமல் கொள்ளாமல் வண்டிக்குள் தலையை விட்டு என் சுவிட்ச்சில் கன்னத்தை வைப்பார். "ஃபியூஸ் பேட்டரி பக்கத்துல இல்லாம பின் சீட்டுலயா வெப்ப? நெருப்பு புடிச்சப்பறம் பின்னாடி போயி தேடுவியா நைனா?" என்று திட்டுவார். மூன்று வேன்களைப் பிரித்து மறுபடி செய்ய வைத்தார். வண்டிக்காரர்களைவிட அதிகமாக நான்தான் மலையைச் சுற்றினேன். ஐந்தாவது வேனில் கன்னத்தை வைத்து, ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்து, "ஜில்லுனு கீது" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க, டீக்கடைக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டேன்.

அப்புறமும் தினம் திட்டினார். எனக்கு வேலை கூடியது, திட்டும் கூடியது. போட்டி என்னவோ விடவில்லை. அவர் கடையில் நாலு வண்டி நின்றால் எனக்கு இன்றும் மூன்றுதானா என்று எரியும்.

போன வருடம் அவர் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, குடும்பமே அங்கே போய்விட்டது. தகரக் கொட்டகையில் இப்போது இளநீர்க் கடை. இந்த ரோட்டில் வண்டிக்கு வயரிங் என்றால் இன்றைக்கு நான் ஒருவன்தான். நான் ஆசைப்பட்ட கூட்டம் முழுவதும் என் வாசலில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ரிலே வைக்கிறேன். எல்லோரையும் மலையைச் சுற்ற அனுப்புகிறேன். திரும்பி வந்ததும் சுவிட்ச்சில் கன்னத்தை வைக்கிறேன். ஜில்லென்றுதான் இருக்கிறது. நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தால் இளநீர்க்காரர், "ஒன்னு வெட்டவா சார்?" என்கிறார்.

போன வாரம் நைனாவே போன் பண்ணினார். ஓசூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பொழுதுபோகாமல் உட்கார ஆரம்பித்துவிட்டாராம். உற்சாகமாகப் பேசினார்.

"நைனா, இங்க எதிர்ல ஒருத்தன் கடை வெச்சிக்கிறான். அசல் உன்ன மாதிரியே! எல்லாம் டைரக்ட்டு. தெனம் போயி கன்னத்த வெச்சிப் பாத்து திட்டிட்டு வரேன். நல்லா பொழுது போவுது."

நல்லது நல்லது என்று சொல்லி போனை வைத்தேன். அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. அந்த ஓசூர்க்காரனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவன் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.